வைரஸ் அக்கா

முதலில் ஸ்பீக்கரின் சத்தத்தைத்தான் குறைப்பார். திரை முழுக்கச் சிவப்பாக மின்னி ‘ஆபத்து, ஆபத்து’ என்று கம்ப்யூட்டர் அலறினாலும் அக்காவின் கை நேராக அந்தக் குமிழுக்குத்தான் போகும். “பாதி வைரஸ் காதுலதாங்க இருக்கு” என்பார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, பயந்து நிற்கிறவரை உட்காரவைப்பார்.

எங்கள் தெருவில் அவருக்கு ‘வைரஸ் அக்கா’ என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, அவர் கோபித்துக்கொண்டதில்லை. சலவைக் கடையை ஒட்டி அவருடைய கடை. உள்ளே ஒருவர் நுழைந்தால் அடுத்தவர் வெளியே நிற்கவேண்டியதுதான். பழைய பல் பிரஷ்ஷால் கீபோர்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஸ்க்ரூடிரைவரைக் காதோரம் செருகிக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுவார். கம்ப்யூட்டர் அவருக்கு ‘இவன்’. வைரஸ் வந்துவிட்டதாகப் பொய்யாகக் குதித்து வரும் எச்சரிக்கைப் பெட்டிகள் ‘அதுங்க’. “அதுங்களுக்கு வேற பொழப்பில்ல. கதவு திறந்திருந்தா எட்டிப் பார்க்குதுங்க.”

“என்னத்த அழுத்தித் தொலைச்சீங்க?” என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. “அது உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?” என்பார். வீறிட்டு அழும் பிள்ளையிடம் கேட்கிற குரல் அது. சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குப் பாதி பயம் போய்விடும்.

போன மாதம் ஒரு காலை, மாடி வீட்டு டிரைவர் ஐயா என் கதவைத் தட்டினார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளும் பேருந்து மாதிரி, குரலும் அதன் ஹாரன் மாதிரி. அன்று குரலே எழும்பவில்லை. போனை நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தார்.

“கம்ப்யூட்டர்ல வைரஸாம். கம்பெனிக்காரன் லைன்ல இருக்கான். அவன் பேசுறது எனக்குப் பிடிபடல. கொஞ்சம் வர்றீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. படியேறிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். காதோரம் ஸ்க்ரூடிரைவருடன் ஓடி வந்துவிட்டார்.

திரை சிவந்து அலறிக்கொண்டிருந்தது. ‘உங்கள் படங்கள் அனைத்தும் அழியப்போகின்றன’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே ஒரு போன் நம்பர். வெளிநாட்டில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. பேத்தி பிறந்த நாளிலிருந்து அனுப்பிய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஐயா பதறிப்போய் அந்த நம்பருக்கே பேசிவிட்டார். எதிர்முனையில் இருந்தவன் சொல்லச் சொல்ல எதையோ கம்ப்யூட்டருக்குள் இறக்கியும் வைத்திருந்தார். மவுஸை யாரும் தொடவில்லை, ஆனால் திரையில் அம்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

நானாக இருந்தால் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அக்கா குனிந்து இன்டர்நெட் வயரை உருவினார். அம்பு நின்றது. சத்தத்தை அடக்கினார். ஐயாவை உட்காரவைத்தார்.

“போனை வச்சிடுங்க ஐயா.”

“கோச்சுக்குவானேம்மா?”

“கோச்சுக்கட்டும்.”

வைத்துவிட்டார். “பேங்க் கணக்கு ஏதாச்சும் திறக்கச் சொன்னானா?” என்று கேட்டார் அக்கா. “அதுக்குள்ள நீ வந்துட்டம்மா. அதை விடு. படமெல்லாம் போச்சா?”

அக்கா அந்தச் சிவப்புப் பக்கத்தை மூடி, படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார். பல் முளைக்காத வாயுடன் பேத்தி சிரித்தாள். “பாருங்க, எல்லாம் அப்படியே இருக்கு. அதுதான் நமக்குப் படம் காட்டிடுச்சு.”

ஐயா சிரிக்கவில்லை. “எத்தனை மழையில, எத்தனை இருட்டுல ஜனங்களைப் பத்திரமா இறக்கிவிட்டிருக்கேன். குரல் கேட்டே ஏமாந்துட்டேனே.”

அக்கா, அவன் இறக்கவைத்ததைத் தேடி நீக்கினார். பிறகு பிரவுசரின் அமைப்புகளுக்குள் நுழைந்து ஒரு இணையப் பக்கத்தின் பெயரைக் காட்டினார். “இதோ, இதுதான். ஏதோ ஒரு பக்கம் ‘அறிவிப்பு அனுப்பலாமா’ன்னு கேட்டிருக்கும். வீட்டு வாசல்ல வந்து கேட்டா வேணாம்னு சொல்ற மனசா உங்களுக்கு? சரின்னுட்டீங்க. இப்ப நீங்களே துரத்துங்க.”

ஐயாவின் பெரிய விரல் மவுஸின் மேல் தயங்கியது, பிறகு அழுத்தியது. பெயர் மறைந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. “இவனை நான் கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். முழுசா அலசிட்டுத் தர்றேன். பாஸ்வேர்டு எல்லாத்தையும் உங்க போன்லயே மாத்திடலாம்” என்றார் அக்கா.

ஐயாவின் மனைவி காய்கறிப் பையுடன் உள்ளே வந்தார். “என்ன இங்க கூட்டம்?”

ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

“தூசிம்மா,” என்றார் அக்கா. “உள்ள அடைச்சிருந்துச்சு. ஐயா நல்லவேளையா உடனே கூப்பிட்டுட்டாரு.”

“துடைங்க துடைங்கன்னு தினமும் கத்துறேன். என் பேச்சை எங்க கேக்குறாரு?”

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தபடி நகர ஆரம்பித்தது. அதே நம்பர். ஐயாவின் முகம் வெளுத்தது.

“யாருங்க அது? எடுங்களேன்” என்றார் மனைவி.

அக்கா அந்த அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் இருந்தார், ஃபேனில் தூசி எப்படி அடையும், எந்தத் துணியால் துடைக்கவேண்டும் என்று. பேச்சோடு பேச்சாகக் கையை நீட்டி, போனைக் கவிழ்த்துப்போட்டு, அதிர்வு அடங்கும்வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.