மருந்துக் கிடங்குக்கு ஒரு சீரியல் கார்டு

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் வைத்து ஒரு சீரியல் கார்டைக் கொன்றேன். கொன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் டப்பாவைப் பிரிக்கும்போது நல்ல உயிரோடு இருந்தது. பதினோரு மணிக்குச் செத்துப்போனது. இடையில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் குடும்பத்துக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். நான் மட்டும் அத்தாவோடு மண்டியில் உட்காராமல், பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறேன் என்று கிளம்பியிருந்தேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் வேறு. பெட்டி சொன்னபடி கேட்காவிட்டால் பெட்டியைத் திட்டுவேன். பக்கத்தில் யாராவது நின்றால் அவருக்கும் சேர்த்து விழும்.

அந்தக் கம்பெனி மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்தது. மாசி மாதம் வெடிமருந்துக் கிடங்கில் சூடு ஏறி ஒரு மூட்டையிலிருந்து புகை வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி, கிடங்கின் சூட்டை நாள் முழுக்க கம்ப்யூட்டரில் பதிவு செய்தால்தான் மறுபடி திறக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். சூடு அளக்கிற கருவியை வாங்கிவிட்டார்கள். ஆனால் அது சீரியல் கேபிள் வழியாக மட்டும்தான் பேசும். ஆபீசில் இருந்த அரதப் பழசான கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இரண்டே இரண்டு. ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் மோடம். ஆகவே கூடுதலாக இரண்டு போர்ட் தரும் கார்டு ஒன்றை உள்ளே செருக வேண்டும். கார்டு வேலை செய்தால் கிடங்கு திறக்கும், கிடங்கு திறந்தால் பட்டாசு செய்யும் ஷெட்டுகள் திறக்கும், பெண்கள் வேலைக்கு வருவார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் மட்டும் தினமும் வந்து ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுப் போவார் என்று மேனேஜர் சொன்னார். நாற்பது வயது இருக்கும். காலையில் முதல் ஆளாகக் கிடங்குக்குள் போய் மருந்தை எடைபோட்டு ஷெட்டுகளுக்குக் கொடுப்பது அவர் வேலை. அன்றைக்குப் புகையை முதலில் பார்த்ததும் அவர்தான். தான் தப்பித்தால் போதும் என்று ஓடாமல், ஷெட்டு ஷெட்டாகப் போய்க் கத்தி எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறார். அந்தக் கிடங்குக்குள் இனி என்ன சூட்டில் நுழையப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் நின்றார்.

எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. கார்டை மூன்று இடத்தில் மாற்றி மாற்றிச் செருகிவிட்டேன், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏலே, உனக்கு என்னலே கேடு?"

வாசலிலிருந்து குரல் வந்தது. "பெட்டிய எதுக்கு வையுறீக தம்பி? நீங்க போட்ருக்கது என்ன துணி?"

"பாலிஸ்டர். ஏன்?"

"அதான பாத்தேன். கால்ல ரப்பர் செருப்பு, மேல பாலிஸ்டரு. எங்க ஷெட்டுப் பக்கம் இப்படி வந்தீகன்னா போர்மேன் வெரட்டி அடிப்பாரு. நாங்க நூல் சேலைதான் கட்டணும். வாசல்ல செம்புத் தகடு பதிச்சிருக்கும், அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள காலெடுத்து வைக்கணும். உடம்புல உள்ள கரண்டு இறங்கணும்ல? பங்குனி வெயில் இப்படிக் காயுது, நீங்க வெறுங்கைய உள்ள விடுறீக!"

எனக்குச் சுரீர் என்றது. துணியின் உராய்வில் உடம்பில் ஏறும் மின்சாரம் கார்டைச் சுட்டுவிடும் என்று நானும் படித்தவன்தான். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். வாங்கி என்ன செய்ய? ஒரு நாளாவது செய்திருக்க வேண்டாமா? அதைத் தினமும் உயிருக்காகச் செய்கிறவர் வாசலில் நின்று சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது.

"இப்ப என்னக்கா செய்ய?"

"சட்டையக் கழட்டுங்க. பனியன் நூல்தான? அப்ப உக்காருங்க. அந்தப் பெட்டியோட இரும்ப ஒரு கையால பிடிச்சுக்கோங்க."

பையில் இன்னும் ஒரே ஒரு கார்டு இருந்தது. அதுவும் போனால் மெட்ராசிலிருந்து வர ஒரு வாரம். சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, மேனேஜர் முன்னால் பனியனோடு உட்கார்ந்தேன். மானம் போனால் போகட்டும்! இரும்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கார்டைச் செருகினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொண்டது.

அதோடு தீர்ந்ததா? இல்லை. கிடங்கிலிருந்து சூட்டின் அளவு வந்த உடனே மவுஸ் உறைந்து நின்றது. இந்தப் பழைய பெட்டிகளில் ஒவ்வொரு போர்ட்டும் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஓர் எண் வைத்திருக்கும். புதுக் கார்டும் மவுசும் நாலாம் எண்ணிலேயே கூப்பிட்டன. யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் பெட்டி முழித்தது. கார்டில் அரிசி மணி அளவில் ஜம்பர் என்று ஒரு மூடி உண்டு. அதைப் பிடுங்கி ஐந்தாம் எண் ஊசிகளில் மாட்ட வேண்டும். என் தடி விரல்கள் இரண்டு தடவை வழுக்கின.

"எங்கன மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க," என்றவர், தானே இரும்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து ஐந்தில் வைத்து அழுத்தினார். எடைபோடும் வேலைக்கு வருமுன் வருஷக் கணக்கில் திரி செருகிய விரல்கள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

திரையில் முப்பத்துமூன்று என்று விழுந்தது. மவுசும் ஓடியது. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் சட்டையை எடுக்கப் போனேன். அந்த அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இங்கன உக்காந்துருக்கவுகளுக்குச் சூடு தெரியும். அங்கன உள்ள போற எனக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி கேட்டது பதிவு. மேனேஜர் கேட்டதும் பதிவு. நானும் அதைத்தான் கொடுத்தேன். உள்ளே போகிற மனுஷியைப் பற்றி எங்கள் மூன்று பேரில் ஒருவரும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கார்டில் இன்னொரு போர்ட் சும்மாதான் கிடந்தது. மறுநாள் வந்து, அதிலிருந்து ஒரு வயரை இழுத்து, கிடங்குக்குத் தள்ளி இருந்த கம்பத்தில் ஒரு மணியைக் கட்டினேன். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அடிக்கும். எந்தச் சூட்டில் என்று கேட்க மேனேஜர் அப்போது அங்கே இல்லை; அதிகாரி எழுதிவைத்த தாளில் முப்பத்தெட்டுக்கு மேல் ஆகாது என்று இருந்தது. நான் மூன்றையும் எட்டையும் தட்டுவதை அந்த அக்கா மட்டும் என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். அந்த வாரமே கம்பெனி திறந்தது.

கத்திரி வெயிலில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "உங்க மணி கெட்டுப்போச்சு, சும்மா அடிச்சுக்கிட்டே கெடக்கு. கிடங்குக்குள்ள போக மாட்டேன்னு அந்தம்மா உக்காந்துருச்சு. லோடு நிக்குது, உடனே வாங்க."

போய்ப் பார்த்தேன். மணியில் ஒரு குறையும் இல்லை. கிடங்கு நாற்பதைத் தொட்டிருந்தது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சீசன் ஆர்டருங்க. ஒரு நாலு கூட்டி வச்சுட்டுப் போங்க. நம்மகிட்ட இன்னும் நாலு கம்பெனி இருக்கு, எல்லா வேலையும் உங்களுக்குத்தான்."

பொய் சொல்ல மாட்டேன், என் கை கீபோர்டுக்குப் போனது. அப்போது வாசலில் அந்த அக்கா வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "எம்புட்டு வைக்கப் போறீக தம்பி?" என்று மட்டும் கேட்டார். "நீங்க வைக்கிற நம்பருக்குத்தான் நான் உள்ள போகணும். அதான் கேட்டேன்."

கையை எடுத்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் எகிறுகிற எனக்கு அந்த மேனேஜரிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வாயில் வந்தது ஒரு பொய்.

"அண்ணாச்சி, அது கார்டுலயே அடிச்சு வந்த நம்பரு. யாராலயும் மாத்த முடியாது."

மேனேஜர் நம்பிவிட்டார். நான் நிமிர்ந்து வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தேன். அந்த நம்பரை நான் தட்டும்போது பக்கத்தில் நின்று படித்தவர் ஆயிற்றே!

"கார்டுல உள்ளதுக்கு அவுக என்ன செய்வாக சார்," என்றார் மேனேஜரிடம், முகத்தில் ஒன்றும் காட்டாமல். பிறகு ஷெட்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க தாயி, சூடு எறங்கட்டும்," என்று கூவினார்.