மீன் தண்ணீர் குடித்த நாற்றுகள்

அன்றைக்கு அந்தக் குசினியில் நின்றவர்கள் நாங்கள் நான்கு பேர்தான்: நான், என் கணவர், லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் எங்களுக்கு மேலறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அக்கா, என்னிடம் பூ வாங்குவதாக முன்பணம் தந்திருந்த கடைக்கார அண்ணை. தொண்ணூறுகளின் தொடக்கம், மாசி மாதம். ஜன்னல்களையெல்லாம் குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி மூடியிருந்தோம். அதற்குள் அந்த நாற்றம்.

முன்பணம் நாற்பது பவுண். கோடையில் கோயில் திருவிழாவுக்கு மாலை கட்டப் பூ வேண்டும், சந்தையில் யானை விலை சொல்கிறார்கள், வீட்டுப் பின்வளவில் வளர்த்துத் தந்தால் என்ன என்று அண்ணை கேட்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, பழைய கலண்டர்த் தாளில் பாத்தி கீறினேன். உயரமான செவ்வந்தி மதிலோரம், அதற்கு முன்னால் ஆஸ்டர், கம்பியில் ஏற ஸ்வீட் பீக் கொடி. எல்லாம் ஒரேயடியாகப் பூத்துக் கொட்டிவிடுமோ என்ற பயத்தில் பாதி விதையைப் பிறகு போட எடுத்து வைத்தேன். செவ்வந்தியை மார்ச் கடைசியில் போடச் சொல்லியிருந்தது பாக்கெட். நான் தைப்பொங்கலன்றே போட்டுவிட்டேன். நல்ல நாளை விட மனம் வரவில்லை. ஐஸ்கிரீம் பெட்டிகளில் சுட்ட ஆணியால் ஓட்டை போட்டு, குசினியில் சூடு தரும் ரேடியேட்டருக்கு மேலே ஜன்னல் படியில் அடுக்கினேன்.

முளைத்தன. நூற்றுப் பன்னிரண்டு. வெளிச்சம் போதாமல் நூலாக நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றன. வேலைக்குப் போகுமுன் எண்ணுவேன், வந்ததும் எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன். இது பிழையாய்ப் போனால் அந்த நாற்பதை எங்கே போய் எடுப்பது?

பிறகுதான் நாற்றம் தொடங்கியது. முதலில் சிங்க் குழாய் என்று நினைத்துப் பிளீச் ஊற்றினேன். அடுத்து கணவர் வேலைக்குப் போடும் சப்பாத்தைச் சந்தேகப்பட்டேன். அவர் அதைக் கொண்டுபோய் வெளியே பனியில் வைத்தார்; நாற்றம் உள்ளேயே இருந்தது. மண்மேல் சாம்பல் மயிர் போலப் பூஞ்சணம் படர்ந்தது. சின்னக் கறுப்புப் பூச்சிகள் தேநீருக்குள் விழுந்து மிதந்தன. நாற்றுகள் அடித்தண்டு கறுத்து, வழுவழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன.

அந்த நிலையில்தான் அண்ணை பயிர் பார்க்க வந்தார். வாசலிலேயே மப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன தங்கச்சி, எலி செத்துக் கிடக்கோ?”

நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன். மண்ணில் ஏதோ மினுங்கியது. விரலால் எடுத்துப் பார்த்தால் மீன் செதிள்.

“அது நான்தான்,” என்றார் அக்கா, பெருமையாக. “நீர் ஷிப்டுக்கு ஓடுறீர், பாவம் எண்டு சனிக்கிழமையிலை மீன் கழுவின தண்ணியை ஊத்திவிட்டனான். ஊரிலை ரோசாவுக்கு உதுதானே பசளை.”

“கோயிலுக்குப் போற பூ, அக்கா!” என்றார் அண்ணை.

“மண்ணுக்குத்தானே ஊத்தினனான். பூவுக்கே ஊத்தினனான்?”

“ஊரிலை மழை கழுவும், வெயில் காய்ச்சும். உங்கடை குசினிக்குள்ளை மழை பெய்யுதோ?” என்று கேட்டார் அண்ணை.

“அப்ப என்ரை சப்பாத்தை உள்ளுக்கை எடுக்கலாமோ?” என்றார் என் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அந்தத் தண்ணீர் ஊற்றிய மூன்று சனிக்கிழமையும் அக்கா ஒரு கிண்ணம் மீன்குழம்பு தந்தார். இந்த ஜன்னலடியில் நின்றுதான் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டேன்.

“பாதி விதை இன்னும் கிடக்கு அண்ணை, திரும்பப் போடுறன்,” என்றேன்.

“இதே ஜன்னலிலையோ?” அவர் அக்காவை ஒருதரம் பார்த்தார். “ஏலாது தங்கச்சி. நாளைக்கு ஐயர் கேட்டா நான் என்ன சொல்லுறது? காசைத் திருப்பித் தாரும்.”

காசு ஏற்கெனவே மண்ணாகவும் விதையாகவும் கம்பியாகவும் போயிருந்தது. அக்காவிடம் அந்த நாற்பதைக் கேட்க வாய் வரை வந்தது. அவரோடு முறித்துக்கொண்டால் இந்தக் குளிரில் எங்கே போய் அறை தேடுவது? பெட்டிகளைக் கறுப்புப் பைக்குள் கவிழ்த்தேன். சளி போன்ற மண் மணிக்கட்டு வரை ஒட்டியது. திரும்பத் திரும்பக் கை கழுவினேன். இரண்டு நாள் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

துப்புரவு வேலைச் சம்பளத்தில் கிழமைக்கு ஐந்து பவுணாக நான்கு தரம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்தாம் தரம் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. அண்ணை ஈஸ்ட் ஹாம் பக்கம் போய்விட்டார் என்றார்கள், விலாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கு நான் இன்னும் இருபது பவுண் கொடுக்க வேண்டும்.