வண்டி தானாகத் திரும்பாது

"தானா வந்துடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் அக்கா புருஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டவை அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

அத்தான் சாமான் வண்டி ஓட்டுகிறவர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ என்று கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவரும் நானும் வேலை பார்க்கும் கம்பெனியின் தொழில். ஓட்டுகிறவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கி அவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் என்கிறார்களே, அந்த வில்லை ஒன்று பிதுங்கிவிட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வண்டிகளுக்குச் சரக்குப் பிரித்துக் கொடுக்கும் அறைக்கு ஆள் வேண்டுமாம். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் ஆரம்ப வகுப்பில் தேறுகிறவர்களுக்கு அங்கே நாற்காலியாம். சரக்குப் பிரிக்கிறவனுக்கு நிரல் எழுதத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். மேலிடத்து முடிவு என்றார்கள். மேலிடத்துக்கு என்ன, அவர்கள் பீரோவா தூக்குகிறார்கள்?

கிடங்கின் மாடியில் வகுப்பு நடந்தது. அத்தானோடு என்னையும் சேர்த்துவிட்டது அக்காதான். "நீ பக்கத்துல இருந்தா அவர் கோவிச்சுக்கிட்டுப் பாதியில எந்திரிச்சு வரமாட்டார்" என்றாள். சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். மின்விசிறி ஓடாத அறையிலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாத மனிதர். நாங்கள் டைக்காரர் என்போம்.

அத்தான் மக்கு இல்லை. மேலிருந்து கீழே வரிவரியாக ஓடும் நிரல்களை எல்லோருக்கும் முன்னால் எழுதி முடிப்பார். திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைகூட அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதன் பிறகுதான் டைக்காரர் செயல்முறை என்ற பாடத்துக்கு வந்தார். ஒரு வேலையைத் தனியாக எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். முதன்மை நிரலில் அந்த வேலை தேவைப்படும் இடத்தில் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். இவ்வளவுதான் விஷயம்.

அத்தான் கையைத் தூக்கினார். "சார், முதன்மை நிரல்ல இருந்து கிளம்பி அங்க போகுது, சரி. வேலை முடிஞ்சதும் அதத் திரும்ப யாரு கூட்டிட்டு வருவா?"

"யாரும் கூட்டிட்டு வர வேண்டாம். தானா வந்துடும்."

"எப்படி சார் தானா வரும்?"

பின் பெஞ்சில் ஒருவன், "வழிச்செலவுக்குக் காசு குடுத்து அனுப்புங்கண்ணே" என்றான். அறையே சிரித்தது. டைக்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அத்தான் கேட்டது நியாயமான கேள்வி. அழைத்த இடம் எதுவென்று இயந்திரம் குறித்து வைத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் அதே இடத்துக்கு வந்து அடுத்த வரியிலிருந்து தொடரும். இதைச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. அவர் சொல்லவில்லை. அத்தானின் காது மடல் சிவந்துபோனது. அன்றைக்கு இறக்கிய கையை அந்த வகுப்பில் அவர் மறுபடி தூக்கவே இல்லை.

அவர் வாழ்க்கையில் எது தானாகத் திரும்பி வந்திருக்கிறது? சாமானை இறக்கிய பிறகு காலி வண்டியை அவர்தான் கிடங்குக்கு ஓட்டி வர வேண்டும். அதனால் ஓட்டுநர் என்ன செய்வாரோ அதையே செய்தார். ஒவ்வொரு செயல்முறையின் கடைசி வரியிலும் முதன்மை நிரலைப் பெயர் சொல்லி அழைத்து வைத்தார். அவர் கணக்கில் அது கிடங்குக்குத் திரும்புவது. இயந்திரத்தின் கணக்கில் அது புதிதாக இன்னொரு முறை கிளம்புவது. முதலில் கிளம்பியது விட்ட இடத்திலேயே பாதியில் காத்துக் கிடக்கும்.

நான் எட்டிப் பார்த்தால் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். "மச்சான்கிட்ட பாடம் கேக்கற நிலைமைக்கு வந்துட்டேனா?" என்பார். "காட்டினா என்ன கிரீடமா எறங்கிடும்?" என்று வீட்டில் அக்கா கத்துவாள். அவர் அசைய மாட்டார். பயிற்சிக்குக் கொடுத்திருந்தது சாமான் இறக்கும் கூலியைக் கணக்கிடும் நிரல். ஒரு சாமானின் எடையையும் மாடியையும் கொடுத்துப் பார்ப்பார், கூலி சரியாக வரும், திருப்தியோடு நிரல் ஓடும் ஜன்னலை அப்படியே மூடிவிடுவார். ஒரு நாளைக்கான சாமான்களை வரிசையாகக் கொடுத்து, நிரல் முடிந்து நிற்கும்வரை அவர் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

பரீட்சையில் கேட்டதும் அதுவேதான். ஒவ்வொரு சாமானுக்கும் எடை, மாடி வாங்கித் தனிச் செயல்முறையில் கூலி கணக்கிட வேண்டும். பூஜ்யம் தட்டினால் 'வேலை முடிந்தது' என்று காட்டிவிட்டு நிற்க வேண்டும். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். டைக்காரர் அத்தானின் இயந்திரத்தில் சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாக் கூலியும் சுத்தமாக வந்தது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு டைக்காரர் பூஜ்யம் தட்டினார்.

'வேலை முடிந்தது' என்று வந்தது. அதன் கீழே இன்னொரு 'வேலை முடிந்தது'. அதன் கீழே இன்னொன்று. பாதியில் விடப்பட்டவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தம் மிச்ச வரியை முடித்தன. தட்டிய சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி திரையில் இறங்கிக்கொண்டே போனது.

"எத்தன தடவதான் வேலைய முடிப்பீங்க?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கணக்கு சரிதானே சார்?" என்று அத்தான் கேட்டார்.

"கணக்கு சரி. அடிப்படை புரியல" என்று டைக்காரர் தாளில் அத்தான் பெயரின் மேல் கோடு போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "புரியலன்னு அன்னைக்கே கேட்டார் சார். நீங்க பதில் சொல்லல. சிரிச்சீங்க."

"நீங்க பாஸ். உக்காருங்க" என்றார் அவர்.

எல்லோரும் கலைந்த பிறகு அத்தான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஒரு மூச்சு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். செயல்முறையின் கடைசி வரியை அழித்தார். பூஜ்யம் வரும்வரை திரும்பச் செய் என்று முதன்மை நிரலில் ஒரு கட்டளை சேர்த்தார். ஓட்டிப் பார்த்தார். ஒரே ஒரு 'வேலை முடிந்தது', அதோடு நின்றது. அவர் மேசையை ஓங்கி அறைந்தார்.

"இதச் சொல்றதுக்கு அந்த ஆளுக்கு வாய் வலிச்சுதா மாப்ள?"

விறுவிறுவென்று இறங்கிப் போய் டைக்காரரைப் படியிலேயே பிடித்து, திருத்தியதை வந்து பார்க்கச் சொன்னோம். "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்றார். அடுத்த பேட்ச் எப்போது என்று மேனேஜரைக் கேட்டோம். அடுத்த வருஷம் இருந்தாலும் இருக்கலாம் என்றார்.

திங்கட்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் சரக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முறைப்படி அது அத்தான் வண்டிக்கு. மாற்றிக் கொடுக்கிறேன் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். "சொந்தக்காரருக்குச் சலுகைன்னு முதல் நாளே ஆரம்பிச்சா எப்படி? முடியலன்னா எந்திரிங்க. வர ஆள் இருக்கு" என்றார்.

அந்த நாற்காலியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெளியே போனேன். அத்தான் வண்டியில் சாய்ந்தபடி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஏத்தியிருக்கே?"

சொன்னேன்.

"அனுப்பு மாப்ள. வீட்ல ஒருத்தனாவது உக்காந்து வேலை பாக்கட்டும்."

உள்ளே வந்து அவர் வண்டி எண்ணைத் தட்டி, அந்த ஃப்ரிட்ஜை நானே என் கையால் அவர் பெயரில் ஏற்றினேன்.