முத்தையா கட்டிய காவடி

எங்கள் வீட்டில் யாரும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஃபேன் லேசாக ஆடுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒண்ணும் ஆகாது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். என் கணவர் முத்தையா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "எப்படித் தெரியும்?" என்பார். கோபத்தில் கேட்பதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

அவருடைய வேலை அப்படி. கடலுக்குள் நிற்கும் இரும்பு மேடைகளையும் கப்பலில் பொருத்தும் பாரந்தூக்கிகளையும் செய்கிற நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அவற்றை நிஜத்தில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் கட்டிப் பார்ப்பார்கள். பாரம் ஏற்றி, அலையை மோதவிட்டு, எது வளையும், எது உடையும் என்று கணக்குப் போடுவார்கள். அதற்கு மாடல் என்று பெயர். முத்தையா மாடல் செய்கிறவர் என்பதைவிட மாடலைச் சந்தேகப்படுகிறவர் என்று சொன்னால்தான் பொருந்தும். யார் எந்த வண்ணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல எதை விட்டுட்டீங்க?" அதற்குப் பயந்து, அவர் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துப் படத்தை மேசையில் வைத்துவிட்டு ஓடுகிறவர்களும் உண்டாம். ஓடி என்ன பயன்? திரும்பி வந்ததும் அவர்கள் இடத்துக்கே போய் நிற்பார்.

கல்யாணமான புதிதில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கப் போனோம். இவர் அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில் இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த ஸ்டூலும் இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

என் தம்பி சக்தி இவருக்கு நேர் எதிர். பேருந்து ஓட்டுகிறான். மூச்சுக்கு ஒரு தடவை "ஒண்ணும் ஆகாது லா" என்பான். அவனுடைய மகள் திவ்யா மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது மட்டும் அவன் அதைச் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்தால் மூன்று தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்து, இப்போது சோபா மேலிருந்து குதிக்கிறாள்.

முதல் வருடம் நன்றாகப் போயிற்று. இரண்டாவது வருடம் யாரிடமோ இரவல் வாங்கிய இரும்புக் காவடியைத் தூக்கியதில், பாதி வழியில் முதுகு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். இனிமேல் அவ்வளவு கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மூணு வருஷம்னு வேண்டிக்கிட்டேன் அத்தான். ரெண்டோட நிறுத்திட்டு முருகன் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று இவரிடம் வந்து நின்றான். லேசான காவடியாக ஒன்று செய்து கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. திவ்யா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வேலை முடிந்ததும் நேராகப் போய்ச் சக்தியோடு உட்கார்ந்திருந்தவர் இவர். முடியாது என்பாரா?

சாப்பாட்டு மேசை மேல் கணினியைத் திறந்து காவடி கட்ட ஆரம்பித்தார். அலுமினியம். இரும்புக் காவடியில் பாதிக் கனம்கூட வராது. அந்தக் கனமென்றால் பரவாயில்லை என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். திரையில் வளைவு, தோள்பட்டை, இடுப்புப் பட்டை என்று வண்ண வண்ணமாக வளர்ந்தது. நீலம் என்றால் பத்திரம், சிவப்பு என்றால் ஆபத்து. எல்லாம் நீலமாக வந்த பிறகுதான் கிராஞ்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஷாஹித்திடம் கொடுத்து வெட்டிப் பற்றவைக்கச் சொன்னார்.

காவடி வந்ததும், எங்கள் புளோக்குக்கு அடியில், வீடுகள் இல்லாமல் தூண்களோடு திறந்து கிடக்கும் வாய்ட் டெக்கில் ஒரு மரச் சட்டத்தின் மேல் அதை நிறுத்தி, அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தார். மாடல் சொன்ன அளவுக்கே வளைந்தது. அன்று மதியம் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோளில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கச் சக்தி குடும்பத்தோடு வந்தான். அதே வாய்ட் டெக்கில் காவடியை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி அனிதா, பிள்ளையைச் சிரிக்க வைப்பதற்காகப் போனில் உறுமி மேளத்தைப் போட்டாள். சக்தியின் கால் தானாக எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, எம்பிக் குதித்தான். திவ்யா கைதட்டினாள்.

"நிறுத்து! அப்படியே நில்லு!"

முத்தையா கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடிப் போய்க் காவடியின் வளைவு தோள்பட்டையோடு சேரும் தோள் மூட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி இறக்கிவிட்டு, அங்கிருந்த கல் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் சக்தியத் தூணா வெச்சிருக்கேன் சாமு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். கப்பல் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய பொருளுக்குக் கணக்குப் போட்டே பழகியவர், காவடியையும் அசையாத தூண் மேல் நிறுத்திக் கணக்குப் போட்டுவிட்டார். மரச் சட்டமும் ஆடவில்லை, அதனால் சோதனையும் தேறிவிட்டது. ஆனால் காவடி எடுப்பவன் ஆடுவான். குதித்து இறங்கும்போது அந்த மூட்டில் விழும் அடி, சும்மா நிற்கும்போது இருக்கிற பாரத்தைவிட எவ்வளவோ அதிகம். எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

"இதை எடுக்க வேணாம் சக்தி. தாங்குமான்னு எனக்குத் தெரியல."

"அத்தான், ஒண்ணும் ஆகாது லா! எத்தன பேரு எடுக்கிறாங்க. அவங்கல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா எடுக்கிறாங்க?"

"மூட்டு விட்டுச்சுன்னா அவ்வளவும் உன் முதுகுலதான் எறங்கும். சுத்தி சனம் வேற நிக்கும்."

"சரி, ஆடாம நடந்தே போறேன்."

"இப்ப மேளம் கேட்டப்போ உன் காலு உன்னக் கேட்டுக்கிட்டா எழுந்துச்சு?"

சக்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். தைப்பூசத்துக்கு அதிக நாள் இல்லை. அனிதா மட்டும் போன் செய்தாள். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாரு அண்ணி. அந்தப் பழைய இரும்புக் காவடியையே கேட்டுப் பாக்கவான்னு நேத்து சொன்னாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம். போனை வைத்துவிட்டு இவர் மேல் பாய்ந்தேன். "ஸ்டூல் மேல ஏறிக் குதிச்சுப் பாத்த மனுஷன்தானே நீங்க! காவடி ஆடும்னு தெரியாதா? வருஷா வருஷம் ரோட்டோரம் நின்னு மோர் ஊத்துறீங்களே!"

"தெரியும். மெஷின் முன்னால உக்காந்தா மெஷினுக்குப் பிடிச்ச மாதிரிதான் யோசிக்கிறேன் போல," என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்ட வந்தவள் காபி போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை என்னிடம் ஒரு பழைய துப்பட்டா கேட்டார். போனில் குலுக்கத்தை அளக்கும் செயலி ஒன்று இருக்கிறதாம். போனைத் துப்பட்டாவில் சுருட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். முதுகுப் பையில் அரிசி மூட்டையைத் திணித்து மாட்டிக்கொண்டு கீழே போனார். சக்தியைக் கூப்பிட முகமில்லை, அதனால் தானே ஆடிப் பார்க்கப் போகிறாராம். எங்கள் கல்யாண வரவேற்பில்கூட அசையாமல் நின்றவர்!

என் போனில் உறுமி மேளத்தைப் போட்டுவிட்டு ஆடினார். ஆட்டமா அது? பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி இருந்தது. சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனத் தாத்தாக்கள் காயை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "கேன் லா!" என்று, உன்னால் முடியும் என்பதுபோல், கட்டைவிரலை உயர்த்தினார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூச்சு வாங்க நின்று போனைப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "இந்த அளவு உதவாது சாமு. எனக்கு ஆடத் தெரியல. தப்பான ஆட்டத்த அளந்தா தப்பான பதில்தான் வரும்."

பின்னாலிருந்து யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். சக்தி! காவடியை வாங்கிப்போகச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான். வந்தவன் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"எனக்காகவா அத்தான் இப்படி?" என்றான். பிறகு துப்பட்டாவை அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்தான். "கொடுங்க, நான் ஆடறேன். நீங்க ஆடினா முருகனே மயில விட்டு எறங்கி ஓடிடுவாரு."

முதுகு நோகாத அளவுக்கு ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இவர் அவனை ஆடவிட்டார். அது போதுமாக இருந்தது. அவன் குதித்து இறங்கும்போது, நிற்கும் பாரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அடி விழுந்தது. அந்த எண்ணை மாடலுக்குள் போட்டதும் நீலமாக இருந்த தோள் மூட்டு சிவந்துபோயிற்று. சக்தி அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 

ஷாஹித் அந்தத் தோள் மூட்டைக் கனமாக்கி, விரிசல் விடாமலிருக்கக் கூர் முனைகளை வளைத்து, புதிதாகச் செய்து கொடுத்தார். இந்த முறை அக்கம்பக்கத்து வீட்டு அரிசி மூட்டைகளையும் இரவல் வாங்கித் தொங்கவிட்டோம். நிஜ உறுமி கேட்டால் இன்னும் துள்ளுவான் என்று, சக்தியிடம் அளந்த அடியைப்போல் இரண்டு மடங்கு ஏற்றினார் முத்தையா. காவடி தாங்கியது. இவர் சாம்பார் கேட்கவில்லை. அதற்குள் கொண்டாட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

தைப்பூசத்தன்று காலை சிராங்கூன் சாலையில் ஊர்வலத்தோடு நடந்தோம். பச்சை மஞ்சள் மயிலிறகோடு அந்த அலுமினியக் காவடி அவ்வளவு அழகாக இருந்தது. இவர் கண் சாமியிடமும் இல்லை, மயிலிறகிலும் இல்லை, அந்தத் தோள் மூட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வழியில் மேளம் வாசிக்கும் இடம் வந்தது. உறுமி முழங்கியதும் சக்தி ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! வாய்ட் டெக்கில் ஆடியது ஒன்றுமே இல்லை. சுழன்றான், எம்பினான், இறங்கினான். காவடி முழுக்கக் குலுங்கியது. சுற்றி நின்றவர்கள் வேல் வேல் என்று முழங்கினார்கள்.

திவ்யாவை இடுப்பில் வைத்திருந்த அனிதா இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, ஒண்ணும் ஆகாதில்ல?"

 இந்த மனிதர் இப்போது எப்படித் தெரியும் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். திரும்பிப் பார்த்தால், இவர் அந்தத் தோள் மூட்டைப் பார்க்கவே இல்லை. சக்தியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கால் லேசாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் முத்தையா.