அந்தக் கட்டி மட்டும் ஆற வேண்டாம், ஆண்டவரே

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், போன வருஷம், என் வீட்டுக்காரர் ஜெயசீலனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். கஞ்சிகூட இறங்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆண்டவர்மேலேயே கோபப்பட்டேன்.

சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்க் கதிர்வீச்சு, அதாவது நம் பேச்சில் கரண்ட், வைத்துக்கொண்டு வந்தோம். பாதி சிகிச்சை முடிந்தும் கட்டி அசையவில்லை.

சபையார் வீட்டில் கூடி, "இவருடைய ஒவ்வொரு செல்லையும் சீராக்கும்" என்று உருகி ஜெபித்தார்கள். இதைத் திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"ஐயோ, எல்லா செல்லும் வேணாம்மா! கரண்ட் போயி செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏ இழைய அறுக்குது. நல்ல செல்லு அத்த ஒட்டிக்கினு பொழைச்சுக்கும். கட்டி செல்லு ஒட்ட முடியாம சாவணும். இவரு கட்டி நல்லாவே ஒட்டிக்கினு இருக்குதோன்னு எனக்கு சந்தேகம். ஒட்ட உடாம இருக்கறதுக்கு வாராவாரம் ஒரு ஊசி சேத்துப் போடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவமே, கட்டிக்கும் சேர்த்தல்லவா சுகம் கேட்டிருக்கிறோம்!

அன்று சாயங்கால ஜெபத்தில் வாய்விட்டே சொன்னேன்: "ஆண்டவரே, அந்தக் கட்டில அறுந்தது அறுந்தாப்பலயே கெடக்கட்டும். ஒட்டாதீங்க!"

எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரூத் அக்கா, "இன்னாடி இது, கொணமாக்காதீங்கன்னு ஒரு ஜெபமா?" என்று அதட்டினார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அப்புறம் அந்த அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாக, "கெடக்கட்டும் ஆண்டவரே, கெடக்கட்டும்!" என்று அழுதார்.

ஊசி ஏற ஏற என் வீட்டுக்காரர் வாந்தியெடுத்துச் சுருண்டார். தொண்டை வெந்துபோய் எச்சில் விழுங்கினாலே கண்ணீர் வந்தது. சாவது கட்டியா, என் புருஷனா? "போதும், நிறுத்திக்கினு ஊட்டுக்குப் போலாம்" என்று முனகினார். "சும்மா இரு, நான் உடமாட்டேன்" என்றேன். வீம்பாகச் சொல்லிவிட்டு, கரண்ட் அறைக்கு வெளியே முழங்கால் போட்டேன்.

எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"கட்டி காணோம்மா" என்றார்.

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். இன்னும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் அவர் சோறு சாப்பிடுகிறார். அந்த மருத்துவருக்கு ஞானம் தந்த தேவனுக்கே மகிமை.

முன்பெல்லாம் ஆண்டவருக்கே வழி சொல்லிக் கொடுப்பேன். இப்போது, "எது ஆற வேண்டும், எது சாக வேண்டும், உமக்குத் தெரியும்" என்று விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால், வைத்தியத்தை விடாமல் நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். நாங்கள் கட்டிக்கே சுகம் கேட்டோம். அவர் என் புருஷனுக்குக் கொடுத்தார்.