காக்கா எடுக்காத வடை

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால், தனம்மா வீட்டு மாடியில் வால்டர் என்று ஒரு வெள்ளைக்காரர் குடியிருக்கிறார். வேட்டி, வெள்ளைத் தாடி, வழுக்கை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். நம்மூர் எம்.எல்.ஏ. என்றால் அடுத்து மந்திரி பதவிக்கு அலைவார். இவரை ஒரு சின்னத் தீவு நாட்டுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். ஆட்சி மாறியதும் வேலை போனது. பிறகு மனைவியும் போய்ச் சேர்ந்தார். மகள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனில் வருவாள். கொஞ்ச நாள் தங்க வந்தவர், ஊரில் தனக்காகக் காத்திருக்க ஆளில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார்.

பழைய பழக்கம் போகவில்லை. டீக்கடைக்கு வந்தால் எல்லோருக்கும் கை கொடுப்பார்.

"இன்னா சார், எலெக்‌ஷன் வருதா?" என்பான் கடைக்காரன் பலராமன். சிரித்துவிட்டு ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் காலி கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்.

தூதராக இருந்தபோது எடுத்த போட்டோவை அறையில் மாட்டியிருந்தார். கோட்டு, கறுகறு முடி, பின்னால் கொடி. தண்ணித் தொட்டி பார்க்க மாடியேறிய தனம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணனா சார்? பாவம், நல்ல வயசுல போய்ட்டாரா?"

வால்டர் லேசாகத் தலையைச் சாய்த்தார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தூதர் உத்தியோகம் கற்றுக்கொடுத்த வித்தை.

மறுநாளே போட்டோவுக்குப் பூச்சரம், பொட்டு, விளக்கு. அதிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் தனம்மா மேலே வருவார். விளக்கேற்றிவிட்டு, நாத்தனார் பேசிய பேச்சையெல்லாம் கொட்டிவிட்டு இறங்குவார். அந்த அறைக்கு வருகிற ஒரே ஆள் அவர்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுபோகும்.

மகாளய அமாவாசை வந்தது. "உங்க அண்ணனுக்கு யாரு படைப்பா? நானே படைக்கிறேன்" என்று வடை பாயசத்தோடு மொட்டை மாடியில் இலை போட்டார் தனம்மா. காக்கா எடுத்த பிறகுதான் சாப்பாடு என்று விரதம் வேறு. சுகர் உள்ள உடம்பு.

தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு காக்காகூட வரவில்லை. பக்கத்து மாடியில் ஆதிலட்சுமி வைத்த இலையில் கும்பலாக உட்கார்ந்து தின்றன.

"உங்க ஆளுக்கு எதுவோ மனக்குறை, தனம். அதான் வரமாட்றாரு."

"வருவாரு. அதுவரைக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டேன்."

வெயில் ஏறியது. தனம்மாவின் கை நடுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கூப்பிட்டார். வால்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது நான்தான். சாப்டுங்க."

தனம்மா உள்ளே போய்ப் போட்டோவில் மூக்கைப் பார்த்தார். வெளியே வந்து இவர் மூக்கைப் பார்த்தார்.

"அட பாவி மனுசா! உசுரோட கீறவருக்கா தெனம் வெளக்கு வெச்சேன்? ஆயுசுக்கு ஆவாதே!"

பூவைப் பிய்த்தெறிந்தார். உப்பு மிளகாய் கொண்டுவந்து அவருக்குச் சுற்றிப் போட்டார். விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சாப்பிட்டார்.

ஆறிப்போன வடையை வால்டரே தின்றார்.

தனம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. வாசலில் பார்த்தால், "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்கிறார். மாடிக்குத்தான் வருவதில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு அங்கே என்ன விளக்கு?

பொழுது சாய்ந்தால், வால்டர் இன்னமும் கதவைத் திறந்துதான் வைக்கிறார்.