திமிங்கலம் பார்க்கப் போய்த் தொங்கிய கதை

எனக்கு ஊர் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர். கடலையே முதன்முதலாகப் பார்த்தது போன விடுமுறையில், இலங்கையில்தான்! படவேட்டிலிருக்கும் பெரியம்மா மகள் கவிதா அக்காவோடு திருகோணமலையில் திமிங்கலம் பார்க்கப் படகேறினேன். புழுக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டவில்லை.

நடுக்கடலில் யாரோ "அதோ!" என்று கத்த, எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. எங்கள் மலையில் நெல்லிவாசல் போகும் ஷேர் ஜீப் வளைவில் சாய்ந்தால், படியில் நிற்கும் நாங்கள் எதிர்ப்பக்கம் தொங்கிச் சமன் செய்வோம். அதே பழக்கத்தில் வலப்பக்கக் கம்பியில் ஏறி வெளியே தொங்கிவிட்டேன். அடுத்த அலையில் படகு என் பக்கமே சாய, கால் வழுக்கியது. எனக்கு நீச்சல் தெரியாது!

அக்கா பாய்ந்து ஜாக்கெட்டைப் பிடித்தாள். அது கழன்று அவள் கையோடு போனது. நல்லவேளை, படகுக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, படகை நாங்கள் பாக்கிறம். நீங்கள் திமிங்கலத்தைப் பாருங்கோ" என்றார்.

அக்கா அழுதுகொண்டே திட்டினாள். "இன்னாடி, நெல்லிவாசல் ஜீப்புன்னு நெனச்சிக்கினியா? உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அப்போது பக்கத்திலேயே நீர் பீய்ச்சியடித்தது. சாம்பல் முதுகு நீண்டுகொண்டே போய், கடைசியில் வால் எழுந்தது.

"ஏய்... எம்மாம் பெருசுடி!" திட்டு அதோடு நின்றது.

இப்போது ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகுகிறேன். இடுப்புக் கயிற்றின் மறுமுனை அக்கா கையில். முடிச்சை மட்டும் நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறேன்.